டீசல் முள் அசையாத பழைய பிக்கப்

நேயர்களுக்கு வணக்கம்.

தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றுகிற வண்டி, குளச்சலிலிருந்து ஐஸ் போட்ட மீனோடு கேரளாவுக்குப் போகிற வண்டி, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற வண்டி என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய பிக்கப்கள் இன்னும் நன்றாகவே உழைக்கின்றன. இஞ்சின் நன்றாக இருக்கும். டீசல் முள் மட்டும் அடியில் கிடக்கும். கேட்டால், "அது அப்படித்தாம்ணே, நான் கணக்கு வச்சு அடிச்சுக்கிடுவேன்" என்பார்கள்.

அந்தக் கணக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில் தப்பினால் என்ன ஆகும்? பழைய டீசல் வண்டியில் டேங்க் வறண்டால் பைப்பில் காற்று ஏறிவிடும். கேனில் டீசல் வாங்கி ஊற்றினாலும் பெரும்பாலும் உடனே ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கையால் பம்ப் அடிக்க வேண்டும். அதற்குள் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்த முள்ளைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

இதன் அமைப்பு எளிது. டேங்குக்குள் ஒரு கம்பி, அதன் நுனியில் மிதவை. டீசல் குறையக் குறைய மிதவை இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு ரெசிஸ்டன்ஸ் சுருளின்மேல் நகரும். அதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறைந்து, முள் நகரும். இதைத்தான் டேங்க் யூனிட் என்கிறோம். அங்கிருந்து மீட்டருக்கு ஒரு வயர் போகிறது. இன்னொரு பக்கம் வண்டியின் இரும்போடு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழி.

முள் நின்றதும் பலர் மீட்டரை மாற்றத்தான் கிளம்புகிறார்கள். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தை. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை உப்புக்காற்று. மீன் வண்டியென்றால், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ் என்கிற இரும்பு அடிச்சட்டத்தின் மேலேயே சொட்டும். எர்த் வயர் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் அடியில் துரு பிடித்து மின்சாரம் போக வழி இருக்காது.

சரி, எங்கே பழுது என்று எப்படிப் பிரிப்பது? இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டேங்க் யூனிட்டுக்கு வருகிற மீட்டர் வயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். அதே வயரைச் சேசிஸில் சுத்தமான இரும்பில் தொட்டால் மறுகோடிக்குப் போக வேண்டும். சில வண்டியில் தொடும்போது ஃபுல் காட்டும், சிலவற்றில் காலி காட்டும். எதுவானாலும் சரி, முள் இரண்டு பக்கமும் ஓடினால் மீட்டரும் வயரும் நலம். பழுது டேங்க் பக்கம்தான். ஒன்றிரண்டு நொடிக்குமேல் தொட்டு வைக்காதீர்கள், பழைய மீட்டர் சூடாகிக் கெடலாம். பெட்ரோல் வண்டியில் டேங்க் அருகே இதைச் செய்யவே கூடாது. பொறி பறந்தால் ஆபத்து. அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனையில் முள் அசையவே இல்லையா? டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து படுத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் பெரும்பாலும் ஃபியூஸ், அல்லது மீட்டர்களுக்குப் பொதுவாகக் கரண்ட் கொடுக்கிற இடம். அப்போது டேங்கை இறக்கத் தேவையில்லை.

டேங்க் பக்கம் என்று தெரிந்தால், வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, யூனிட்டின் உடலிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு துண்டு வயர் இழுத்துப் பாருங்கள். முள் எழுந்தால் எர்த்தான் குற்றவாளி. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, புது முனை போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது.

அப்படியும் எழவில்லை என்றால் யூனிட்டைக் கழற்ற வேண்டியதுதான். டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது, பேட்டரி வயரை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பினால் அது ஓட்டை. மூழ்கிக் கிடப்பதால் எப்போதும் காலி என்றே காட்டும். அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது ரெசிஸ்டன்ஸ் அளக்கிற இடத்தில் வைத்து, யூனிட்டின் கம்பியை மெதுவாக நகர்த்துங்கள். எண் சீராக ஏற வேண்டும், அல்லது சீராக இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் சுருள் அங்கே தேய்ந்திருக்கிறது. பாதி டேங்கில் முள் திடீரென்று விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

புது யூனிட் வாங்கப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். துளைகள் பொருந்துவது மட்டும் போதாது, ஓம்ஸ் அளவும் உங்கள் மீட்டருக்குப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் ஃபுல் அடித்தாலும் முள் பாதியில் நிற்கும். சிலசமயம் தலைகீழாகவும் காட்டும். கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள், பழையதையே வைத்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது டீசல் கசியும்.

மாட்டிய பிறகு, கிட்டத்தட்டக் காலியான டேங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள், பேச்சிப்பாறை ஏற்றத்தில் முள் ஆடத்தான் செய்யும். சிவப்புக் கோட்டைத் தொடும்போது எத்தனை லிட்டர் மிச்சம் என்பதை, உங்கள் வண்டியை எடுக்கிற டிரைவர் தம்பிக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வணக்கம்.