தவிடு போன வழி

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மேசை மேல் இரண்டு கிண்ணம் வைத்திருக்கிறேன். இரண்டிலும் சாமை அரிசிதான். ஒன்று பளீரென்று வெள்ளை. மற்றது தவிடு நீக்காதது, கொஞ்சம் பழுப்பு. மக்களின் தேவையும் உடல்நலக் கவலையும் மாற மாற உணவுத் தொழில்நுட்பம் என்ன செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் தவிட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதிலேயே எல்லாம் இருக்கிறது.

உரலில் குத்திய காலத்தில் உமி போனாலும் தவிடு ஓரளவு அரிசியோடு ஒட்டி நிற்கும். மில் வந்தபின் நாம் வெள்ளை அரிசி கேட்டோம். பார்க்க அழகு, சீக்கிரம் வேகும், பல நாள் கெடாது. மில்லும் கேட்டதைக் கொடுத்தது. கூடவே பெரிபெரி என்ற நோய் பெருகியது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் தளர்ந்து உயிரும் போகும். 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடி விழுந்தன. தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறின. இதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டோடு போனது தயமின் என்ற பி1 வைட்டமின்.

நம் குன்னூரிலும் 1918-இல் பெரிபெரி ஆய்வுக்கென்றே ஒரு கூடம் தொடங்கினார்கள். மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடத்தியது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான். அன்றைய சென்னை மாகாணத்தில், மில்லில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் நோய் கடுமையாக இருந்தது. புழுங்கலரிசி உண்டவர்களிடம் அவ்வளவு இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். அண்டா வைத்து நெல் அவித்தவர்கள் செய்ததும் உணவுத் தொழில்நுட்பம்தான். இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

சரி, தவிட்டை நீக்காமலே விற்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கம்பு அரைத்து வைத்தவர்களுக்குப் பதில் தெரியும். சில நாளிலேயே மாவு கசந்துவிடும். தானியத்தில் எண்ணெயும் இருக்கிறது, அதைச் சிதைக்கும் நொதியும், அதாவது என்சைமும் இருக்கிறது. முழு மணியில் இரண்டும் தனித்தனியே கிடக்கும். அரைத்ததும், தீட்டியதும் கலந்துவிடும். நெல் தவிட்டில் எண்ணெய் மட்டும் 15 முதல் 20 சதவீதம் வரை உண்டு. மில்லை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனால்தான் வெகுகாலம் அது மாட்டுக்குப் போனது. இப்போது உடனே நீராவி காட்டி நொதியை அடக்கிவிடுகிறார்கள். தவிட்டெண்ணெய் நம் சமையலறைக்கு வந்தது அப்படித்தான். கம்பையும் அரைப்பதற்கு முன் சூடுபடுத்தினால் மாவு கூடுதல் நாள் தாங்கும். நான் நம்பும் தொழில்நுட்பம் இதுதான். சத்தை எடுத்தெறியாமல், கெடாமல் காப்பது.

அப்புறம், வெளியிலிருந்து சத்தைச் சேர்ப்பது இன்னொரு வழி. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று பயந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி மணியாக்கி, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து கொடுத்தார்கள். அந்த மணிகள் சில தண்ணீரில் மிதக்கும், அவ்வளவுதான். உங்கள் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். மூட்டை வருமுன்னே யாராவது வந்து பொறுமையாக விளக்கியிருக்க வேண்டும்.

இன்று சர்க்கரை நோய்க் கவலையில் எல்லோரும் சிறுதானியம் தேடுகிறோம். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நெல்லில் செய்த தப்பையே சாமையிலும் வரகிலும் செய்கிறோமே என்று மனம் பதைக்கிறது. உமி நீக்குவதோடு நிற்காமல் வெள்ளையாகும்வரை தீட்டினால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும். நோய்க்குப் பயந்து கூடுதல் விலை கொடுப்பவருக்கு அது துரோகம். சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட் வாங்கினால் பாக்கெட்டைத் திருப்புங்கள். எடை அதிகமானது எதுவோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும், அது சட்டம். முதல் பெயர் மைதாவா, வரகா என்று பாருங்கள்.

இந்த இரண்டு கிண்ணத்தையும் இப்போது கீழே அனுப்புகிறேன். பழுப்புச் சாமையை ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள், லேசாகப் பொடி ஒட்டும். நாளை கடைக்காரரிடம் தவிடு நீக்காத சாமை என்று சொல்லிக் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் வரும், அம்மா, கொஞ்சம் பொறுங்கள்.