எட்ட நின்று பார்க்கும் பயம்

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவில் வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடம் தந்த நூலகர் அவர்களே, முதல் வரிசையில் என் பிழைகளைக் குறித்துக்கொள்ளப் பேனாவோடு அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வைக்குப் பதில் புத்தகம் தந்த செயலாளருக்குத் தனி நன்றி.

அழகியலில் உன்னதம் என்பது பற்றி, அதாவது நம்மைவிட மிகப் பெரிய ஒன்றின் முன் வியப்பும் நடுக்கமும் கலந்து வரும் உணர்வு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுதிய மேலைநாட்டுச் சிந்தனையாளர்கள் லாஞ்சைனஸ், பர்க், காண்ட் மூவரையும் தொடுவதாகக் குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். நான் எந்த மேடையிலும் சொல்கிற பழமொழி ஒன்று உண்டே: தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை. சிரிக்கிறீர்கள், உன்னதத்துக்கும் அதுதான் சூத்திரம்.

1746 ஜனவரி, டப்ளின் நகரம். லிஃபி ஆறு கரைபுரண்டுவிட்டது. கரையோரம் ஒரு வீடு. நிலவறை மூழ்கி, தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இன்னும் ஏறும் போலிருக்கிறது. நம் வீடாக இருந்தால்? அரிசி மூட்டை பரணுக்குப் போகும், சிலிண்டரை ஒருவர் தூக்குவார், பத்திரம் எங்கே என்று ஒருவர் அலறுவார். அந்த வீட்டிலோ ஒரு கல்லூரிப் பையன் நண்பனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான்! இயற்கையின் இந்தப் பயங்கரமான பெருங்காட்சிகளைப் பார்க்க இன்பமாக இருக்கிறது, மனம் பெரிய எண்ணங்களால் நிறைகிறது என்கிறான். அப்பா கண்ணில் பட்டிருந்தால் அந்தக் கடிதம் நமக்குக் கிடைத்திருக்காது. பையன் பெயர் எட்மண்ட் பர்க்.

1757-இல் அவர் எழுதிய நூலில் அச்சமே உன்னதத்தின் ஊற்று என்றார். ஆபத்து மேலே வந்து நெருக்கினால் வெறும் வேதனை. சற்றுத் தள்ளி நின்றால் அதிலேயே ஓர் இன்பம். தூர இருந்தால் சேர உறவு! பிரம்மாண்டம், மௌனம், தனிமை, இருட்டு எல்லாம் அவர் பட்டியலில் உண்டு. எண்ண முடியாமல் இறைந்து கிடக்கும் விண்மீன்களையும் சொல்கிறார்.

இருட்டு என்றதும் நகராட்சித் தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஆமாம் ஐயா, அங்கேதான் வருகிறேன். நம் பேருந்து நிலைய ஹைமாஸ் விளக்கு பாதி வெளிச்சத்தை வானத்துக்கு அனுப்புகிறது. அங்கே யார் பஸ் ஏறுகிறார்கள்? லடாக்கில் ஹன்லே என்ற ஊரைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகமே அறிவித்தார்கள், விண்மீன் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி அது. நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, பெண்கள் இரவில் நடக்க வேண்டும். மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள், போதும்.

தலைக்கு மேல் விண்மீன் வானம் வியக்க வைக்கிறது என்று 1788-இல் எழுதிய காண்டுக்கு நேரமில்லை. லாஞ்சைனஸ் அடுத்த கூட்டத்துக்கு. விளக்குக்கு மூடி கேட்கும் மனு நூலகர் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். நன்றி, வணக்கம்.