அந்த இன்னொரு வடிவேலு பேரு என்ன?

நடுவர் அவர்களே வணக்கம், எதிரணில உக்காந்திருக்கற அண்ணனுக்கும் அக்காவுக்கும் வணக்கம், ஃபோன சைலண்ட்ல போட்டுட்டு வந்திருக்கற நல்லவங்களுக்கு மட்டும் தனியா ஒரு வணக்கம்.

தலைப்பு என்னன்னா, ஒத்த வரி ஐடியாவ நம்பி எடுக்கற காமெடி படத்துக்கு பலம் அந்த ஐடியாவா, அதுக்குள்ள போய் மாட்டிக்கற ஆளுங்களா. நான் ஆளுங்க கட்சி. எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் சூப்பரா பேசுனாரு, கதைய ஒரே வரில சொல்லணும், கேட்டதும் புரொடியூசர் நிமிர்ந்து உக்காரணும், அதுதான் பலம்னாரு. அண்ணே, புரொடியூசர் ரெண்டு நிமிஷம் நிமிர்ந்து உக்காந்தா போதும், டிக்கெட் வாங்குனவன் ரெண்டரை மணி நேரம் உக்காரணுமே, அதுக்கு என்ன வழி?

அண்ணன் எடுத்த உதாரணத்தையே நானும் எடுத்துக்கறேன். 2006ல சிம்புதேவன் எடுத்த இம்சை அரசன் 23ம் புலிகேசி. ராஜா காலத்துக் கதை, ரெட்டைப் பிள்ளைங்க, மக்குப் பிள்ளைய அரியணைல உக்கார வெச்சு தாய்மாமன் பொம்மை மாதிரி ஆட்டி வைக்கறாரு, அறிவாளிப் பிள்ளை வெளிய வளந்து புரட்சிக்காரனா நிக்குது. ரெண்டுமே வடிவேலுதான். அதே மூஞ்சி, அதே காலம், அதே அரண்மனை, ஐடியாவும் அதே ஐடியா. இப்ப நடுவர் அவர்களே நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது யாரு? அந்த மீசைய முறுக்கிக்கிட்டு வெட்டியா பெருமை பேசிக்கிட்டு வெள்ளைக்காரனப் பாத்தா குழையற, அக்கமாலா கப்சின்னு கூல்டிரிங்ஸ நாட்டுக்குள்ள விட்ட, அந்த பயந்தாங்கொள்ளி புலிகேசி. சரி, அந்த இன்னொரு வடிவேலு, நல்லவரு, வீரரு, அவர் பேரு என்ன? அண்ணே அவசரமே இல்ல, நான் பேசி முடிக்கறதுக்குள்ள சொன்னா போதும்.

ஐடியாவுக்கு சேரவேண்டிய மார்க்க நான் புடுங்க வரல. ராஜா வேஷத்த மாட்டிவிட்டா இன்னைக்கு அரசியல இஷ்டத்துக்கு கிண்டல் பண்ண ஒரு லைசென்ஸ் கிடைக்குது, அத குடுத்தது ஐடியாதான். ஆனா அதே லைசென்ஸ் அந்த நல்லவர் கையிலயும் இருந்துச்சே, அவர் அத வெச்சு என்ன பண்ணாரு? அறிவுரை சொன்னாரு. தப்பே பண்ணாத ஆள வெச்சுக்கிட்டு எப்படிங்க காமெடி பண்றது, படம் தொய்யற இடம் பூரா அவர் சீன்தான்.

அடுத்து அக்கா ஒரு பாயிண்ட் சொன்னாங்க, ஐடியா ஒரு ரூல் போடுது, அந்த ரூல் திரும்பத் திரும்ப வர்றப்ப சிரிப்பு தானா வருதுன்னு. அதுக்கு அவங்க சொன்னது 2012ல வந்த நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப கிரிக்கெட் ஆடப்போன மாப்பிள்ளை கேட்ச் பிடிக்கறேன்னு பின்னாடியே ஓடி விழுந்து தலைல அடிபட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படியே அழிஞ்சிடுது, அதுல காதலிச்ச பொண்ணும் சேந்தே அழிஞ்சிடறா. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாவே நடந்தத வெச்சு பாலாஜி தரணீதரன் எடுத்த படம், அந்த படத்துக்கு கேமராவும் அதே பிரேம்குமார்தான். பின்னால 96 எடுத்தாரே, அவரேதான். தனக்கு மறந்துபோனத தானே கேமரா வெச்சு எடுத்த மனுஷன், இது இன்னொரு படத்துக்கான கதை, விடுங்க.

அக்கா, அந்த படத்த இன்னொரு தடவ பாருங்க, ஆனா விஜய் சேதுபதிய பாக்காதீங்க. அவர் என்னாச்சுன்னு கேட்டு அதே பாட்டத்தான் பாடுவாரு, மூஞ்சில ஒரு மாத்தமும் இருக்காது, பச்சப்புள்ள மாதிரி கேப்பாரு. பக்கத்துல நிக்கற மூணு ஃபிரண்ட்ஸப் பாருங்க. மொத தடவ கிண்டல் பண்றான்னு நெனைப்பானுங்க, அப்புறம் பயம், அப்புறம் கோவம், அப்புறம் விதியேன்னு ஒரு களைப்பு. வசனம் ஒண்ணுதான், மாறிக்கிட்டே இருக்கறது அந்த மூணு மூஞ்சி. ரிசப்ஷன் மேடைல மேக்கப்போட நிக்கற பொண்ணப் பாத்து அவர் விடுற அந்த 'ப்பா' இருக்கே, தியேட்டரே விழுந்து சிரிச்சது எதுக்குன்னு நெனைக்கறீங்க, அத மேடைல எவனாவது கேட்டுத் தொலைச்சா தொலைஞ்சோம்னு இவனுங்க வயித்துல புளி கரையுறது நமக்குத் தெரியறதாலதான். ஐடியாப்படி பாத்தா காமெடி ஞாபகம் போனவன்கிட்ட இருக்கணும், படத்துலயோ ஞாபகம் இருக்கறவனுங்ககிட்ட இருக்கு!

ரூல் மட்டும் போதும்னா அந்த படத்துல எந்த இடமும் இழுவையா இருந்திருக்கக் கூடாதே. எனக்கு இருந்துச்சு. ஃபிரண்ட்ஸுக்கு புதுசா ஒரு இக்கட்டு வராம அதே டயலாக் மறுபடி வந்த இடத்துலெல்லாம் நான் மணிக்கட்டத் திருப்பிப் பாத்தேன்.

இன்று நேற்று நாளை, 2015, ரவிக்குமார் படம். இதையும் அண்ணன் விடல, டைம் மெஷின் டைம் மெஷின்னு நாலு தடவ சொன்னாரு. 2065ல செஞ்ச மெஷின் நம்ம காலத்துக்கு வந்து விழுது. ஒரு விஞ்ஞானி கையில விழுந்திருந்தா அது சயின்ஸ் படம். விழுந்தது யார் கையில, செட்டில் ஆகாத ஒரு பையன், அவனோட ஜோசியக்கார ஃபிரண்டு. உலகத்தையே மாத்தற மெஷின வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பண்றாங்க, காணாம போன பொருள கண்டுபிடிச்சு குடுத்து காசு பாக்கறாங்க. நேத்துக்கு போய் பாத்துட்டு வந்து இன்னைக்கு ஜோசியம் சொல்றது! இந்த அல்பத்தனம் இருக்கு பாருங்க, அங்கதாங்க நம்ம எல்லாரும் அந்த மெஷின்ல ஏறுனோம், நம்ம கையில கிடைச்சாலும் இதத்தான பண்ணுவோம். அதுவே, சாகவேண்டிய ரவுடி இவங்க பழைய காலத்துல மூக்க நுழைச்சதால தப்பிச்சிட்டான், அத சரி பண்ணணும்னு வந்ததுக்கு அப்புறம் மெஷினோட ரூல் முன்னாடி வந்துடுது, இந்த ரெண்டு பேரும் பின்னாடி போயிடறாங்க. கதை குழப்பமில்லாம ஓடுது, டைரக்டருக்கு அந்த பாராட்டு கண்டிப்பா உண்டு, சிரிப்புதான் பாதியா குறைஞ்சிடுது.

வெளிநாட்டுப் படம் ஒண்ணே ஒண்ணு, கிரவுண்ட்ஹாக் டே, 1993. டிவில வானிலை சொல்ற ஒரு திமிர் பிடிச்ச ஆளு பிப்ரவரி 2ம் தேதிக்குள்ள மாட்டிக்கறான், காலைல ஆறு மணிக்கு அலாரம் அடிச்சா மறுபடி அதே நாள். ஏன் அப்படி ஆச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டாங்க, நாமளும் கேக்கல. ஐடியாதான் பலம்னா ஐடியாவோட காரணத்த கேட்டிருப்போமா இல்லையா? கேக்கல, ஏன்னா நம்ம கண்ணு அந்த திமிர் எப்ப இறங்கும்ங்கறதுலயே இருந்துச்சு. அவன் இடத்துல ஒரு தங்கமான மனுஷன வெச்சுப் பாருங்க, பத்தாவது நிமிஷம் படம் முடிஞ்சிருக்கும். அதுல ஒரு வயசான பிச்சைக்காரர் வருவாரு, அவர் ராத்திரி செத்துடுவாருன்னு இவனுக்கு தெரிஞ்சப்புறம் சூப் வாங்கிக் குடுத்து, மூச்சு குடுத்து என்னென்னமோ பண்ணுவான், ஒவ்வொரு தடவையும் அவர் செத்துடுவாரு. காமெடி படத்துக்கு நடுவுல நம்மள ஊமையாக்கிட்டு போற இடம் அது. ஆயிரம் தடவ திரும்பி வர்ற நாளும் அந்த ஒரு கிழவனுக்கு உதவல, இத வெறும் ஐடியா எழுதுமா, ஒரு மனுஷன உள்ள விட்டாதான எழுத முடியும்?

மணி அடிச்சிட்டீங்க நடுவரே, இன்னும் ரெண்டு படம் கையில வெச்சிருந்தேன், பரவால்ல. அண்ணே, அந்த பேரு ஞாபகம் வந்துச்சா? அக்காகிட்ட கேக்கறாரு பாருங்க. அக்கா ஃபோன எடுக்கறாங்க. வேணாம்க்கா வைங்க, நானே சொல்லிடறேன், உக்கிரபுத்தன். நானும் மேடை ஏறறதுக்கு முன்னாடி ஃபோன்ல தேடித்தான் பாத்தேன்.