மைக்கை ஒரு இன்ச் நகர்த்திப் பாருங்க

வணக்கங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து வர்றேன். காலைல பஸ் ஏறி ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், அரியாங்குப்பம் எல்லாம் தாண்டி புதுச்சேரி வந்து இந்த வானொலி ஸ்டூடியோவுக்குள்ள நுழைஞ்சதும் என் கண்ணு முதல்ல போனது எதிர்ல நிக்கிற இந்த மைக் மேலதான். ரொம்ப வருஷம் மெல்லிசைக் கச்சேரில கிட்டார் வாசிச்சேன், இப்ப வீட்டு மாடி ரூம்ல ரெக்கார்டிங் பண்றேன், அதனால எங்க போனாலும் மைக் எங்க வச்சிருக்காங்க, எந்தப் பக்கம் பாத்து வச்சிருக்காங்கன்னுதான் முதல்ல பாப்பேன். இன்னைக்கு பேசப்போறதும் அதுதாங்க, எலக்ட்ரிக் கிட்டார் ஆம்புக்கு, அதாவது கிட்டார் சத்தத்தை பெருசாக்கி வெளிய விடற ஸ்பீக்கர் பெட்டிக்கு, முன்னாடி மைக்கை எங்க வைக்கிறதுங்கற விஷயம்.

பேச்சுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. இப்ப மைக்குக்கு ரொம்ப கிட்ட, ஒரு ரெண்டு விரல் அகலத்துல வாயை வச்சு பேசறேன். குரல் கனமாயிடுச்சு இல்லையா, அடித்தொண்டைலேர்ந்து வர்ற மாதிரி. இப்ப பழைய இடத்துக்கே வந்துட்டேன். இப்ப மைக்கை பாக்காம முகத்தை மட்டும் பக்கவாட்டுல திருப்பிக்கிட்டு பேசறேன், "சைக்கிள், சங்கு, சோறு"ன்னு சொல்றேன், அந்த ச எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு பாருங்க. நான் குரலை மாத்தல, உள்ள உக்காந்திருக்கறவங்க எந்த பட்டனையும் திருகல, தூரமும் திசையும்தான் மாறிச்சு. ஆம்புக்கு முன்னாடி நடக்கறதும் அச்சு அசல் இதேதான்.

எலக்ட்ரிக் கிட்டாரை கையில வாங்கி பிளக் போடாம மீட்டிப் பாருங்க, கொசு கத்துற மாதிரி ஒரு சின்ன சத்தம் வரும், அவ்வளவுதான். அதுல வீணைக்கு இருக்கற மாதிரி குடம் கிடையாது. கம்பியோட அதிர்வை அதுக்கு கீழ இருக்கற பிக்கப்ங்கற காந்தச் சுருள் கரண்டா மாத்துது, ஆம்ப் அதை பெருசாக்குது, ஸ்பீக்கர் அதை திரும்ப காத்துல தள்ளுது, ஆக அந்த ஸ்பீக்கரும் கிட்டாரோட ஒரு உறுப்பு மாதிரிதாங்க. பெரும்பாலும் 10 இன்ச் இல்ல 12 இன்ச் ஸ்பீக்கர், அது 5000 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 5000 துடிப்பு, தாண்டினா சத்தம் சட்டுனு இறங்கிடும். வீட்டுல பாட்டு கேக்கற ஸ்பீக்கர் மாதிரி அது 20000 வரைக்கும் போகாது, போகவும் கூடாது. சத்தத்தை கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன் பெடலை ஆம்ப் இல்லாம நேரா மிக்ஸர்ல சொருகி கேட்டவங்களுக்கு இது தெரியும், குளவிக்கூட்டை கலைச்சு விட்ட மாதிரி காதுல குத்தும், அந்த குத்தலையெல்லாம் வடிகட்டி எடுக்கறது ஸ்பீக்கரோட காகிதக் கோன்தான்.

இப்ப அந்த கோனை கிட்டப் போய் பாப்போம். ரூம் லைட்டை அணைச்சுட்டு செல்போன் டார்ச்சை ஆம்போட கிரில் துணி மேல ஒட்டின மாதிரி பிடிங்க. துணிக்குப் பின்னாடி வட்டமா கோன் தெரியும், நடுவுல ஒரு சின்ன குமிழ் மாதிரி உப்பலா இருக்கும், அதுக்கு டஸ்ட் கேப்னு பேரு, அதைச் சுத்தி சரிவா போய் ஓரத்துல மடிப்பு மடிப்பா முடியும். சில ஆம்புல ஸ்பீக்கர் பெட்டியோட நடுவுல இருக்காது, ஒரு பக்கமா தள்ளி இருக்கும், அது தெரியாம துணியோட நடுவுல மைக்கை வச்சுட்டு "சவுண்டு டல்லா இருக்குது"ன்னு அவஸ்தைப்படறவங்களை நிறைய பாத்திருக்கேன். டார்ச் அடிச்சு பாத்த உடனே டஸ்ட் கேப் எங்க முடியுதோ அங்க துணி மேல சின்னதா ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க.

நடுவுல ஒரு மாதிரி, ஓரத்துல ஒரு மாதிரி சத்தம் வரும்னு சொன்னா பறை அடிக்கிறவங்க உடனே புரிஞ்சுக்குவாங்க. பறையில நடுவுல அடிச்சா கனமா இறங்கும், ஓரத்துல குச்சி பட்டா சுளீர்னு வரும். ஸ்பீக்கர்ல இது அப்படியே தலைகீழ். நடுவுலதான் சுளீர், ஓரத்துக்குப் போகப் போக மங்கல். ஏன்னா ரொம்ப வேகமா துடிக்கிற ஒலிக்கு மொத்த கோனும் ஒண்ணா சேந்து ஆட முடியாது, நடுப்பகுதிதான் அதுக்கு ஈடு கொடுக்கும், அதுவும் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரா முன்னாடி பாய்ஞ்சு போகும், பக்கவாட்டுல அவ்வளவா பரவாது.

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கிட்டார் வாசிக்கிறவர் நின்னுக்கிட்டு வாசிக்கிறாரு, ஆம்ப் தரையில அவர் முழங்காலுக்கு கீழ இருக்கு, அந்த சுளீர் எல்லாம் அவர் காலுக்கு நடுவுல பூந்து எதிர் சுவத்துக்கு போயிடுது, அவர் காதுக்கு வர்றது மங்கல் சத்தம்தான், அதனால சுளீரை கூட்டற ட்ரெபிள் நாபை ஏத்திக்கிட்டே போவாரு. மைக் இருக்கறதோ நேர் எதிர்ல. ரெக்கார்ட் பண்ணதை போட்டுக் கேட்டா பல் கூசும். "என் ஆம்ப்ல இப்படி கேக்கலியே அண்ணே"ம்பாங்க. தம்பி பொய் சொல்லலீங்க, அவன் காது இருந்த இடத்துல அப்படி கேக்கவே இல்ல. அதனால நான் யார் வந்தாலும் முதல்ல ஆம்பை ஒரு ஸ்டூல் மேல தூக்கி வைக்கச் சொல்லுவேன், இல்லன்னா வால்யூமை நல்லா குறைச்சுட்டு குத்துக்கால் போட்டு உக்காந்து, கொஞ்சம் தள்ளி நேர் எதிர்ல கேக்கச் சொல்லுவேன். வால்யூமை குறைக்காம காதை கொண்டு போயிடாதீங்க, காது போனா திரும்பி வராது.

மைக் எதுன்னு கேப்பீங்க. ஷூர் கம்பெனியோட எஸ்எம்57, 1965ல வந்தது, இன்னைக்கும் கிட்டார் ஆம்புக்குன்னு உலகம் பூரா அதைத்தான் முதல்ல நீட்டுவாங்க. அமெரிக்க ஜனாதிபதிங்க பேசுற மேசைல ரொம்ப காலமா நிக்கிறதும் அதே மைக்தான். டைனமிக் மைக், பெரிய சத்தத்தை தாங்கும், 5000, 6000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசா தூக்கிக் காட்டும், அதனால பாட்டுல மத்த வாத்தியங்களுக்கு நடுவுல கிட்டார் தனியா தெரியும். ஆனா அதே தூக்கல்தான் மைக்கை நட்டநடுவுல வச்சா காதை அறுக்கறதும். கச்சேரிக்கு வச்சிருக்கற எந்த டைனமிக் மைக்கும் போதும், இதுக்குன்னு கடன் வாங்க வேண்டாம்.

அந்த டேப் ஒட்டின இடம் இருக்குல்ல, டஸ்ட் கேப்பும் கோனும் சேர்ற விளிம்பு, அங்க துணிலேர்ந்து ஒரு இன்ச் தள்ளி நேரா வச்சு ஆரம்பிங்க. அப்புறம் ஒரு ஆளை கூட வச்சுக்குங்க, ஒருத்தர் வாசிக்கட்டும், ஒருத்தர் அடுத்த ரூம்ல கதவை சாத்திட்டு ஹெட்போன்ல கேக்கட்டும். ஆள் இல்லன்னா எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு சொல்றேன், கிட்டாரை வாசிக்காம ஆம்ப்ல கெயின்ங்கற நாபை மட்டும் ஏத்தி விட்டா ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் வரும் பாருங்க, ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்த இரைச்சலை கேட்டுக்கிட்டே மைக்கை மெதுவா நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நகர்த்துங்க. நடுவுல சோடா பாட்டில் திறந்த மாதிரி இருக்கற சத்தம், ஓரத்துக்கு வரவர மழை தூரத்துல பெய்யிற மாதிரி ஆயிடும். கால் இன்ச்சுக்கு கூட வித்தியாசம் தெரியும். உங்க பாட்டுக்கு எது வேணுமோ அங்க நிறுத்திக்குங்க, நிறுத்தினதுக்கு அப்புறம் வாசிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஓரத்துக்கு போகாம அதே இடத்துலயே மைக்கை 45 டிகிரி சாய்ச்சு வச்சாலும் சுளீர் குறையும், நான் முகத்தை திருப்பினேனே, அது மாதிரி. ரெண்டும் ஒரே மாதிரி குறையாது, சாய்ச்சு வச்சா பேஸுக்கும் சுளீருக்கும் நடுவுல இருக்கற ஒலி கொஞ்சம் கெட்டியா இருக்குன்னு எனக்குத் தோணும், நீங்களே கேட்டு பாருங்க. தூரம் இன்னொரு கணக்கு. இந்த மாதிரி ஒரு பக்கமா கேக்கற மைக் எதுவா இருந்தாலும் கிட்டப் போனா பேஸ் ஏறும், ஆரம்பத்துல என் குரல் கனமானதும் அதனாலதான். கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ், மைக்கை துணில ஒட்டி வச்சா அந்த ஏரியா பூரா பொங்கி வந்து பேஸ் கிட்டார் மேலயும் டிரம்ஸ் மேலயும் ஏறி உக்காந்துக்கும். மூணு நாலு இன்ச் பின்னால இழுத்தாலே வழி விட்டுடும்.

இப்ப என்னோட தப்பு ஒண்ணு சொல்லணும். கடலூர் ஓ.டி.லேர்ந்து, அதாவது பழைய டவுன்லேர்ந்து, ஒரு தம்பி வந்தான், சர்ச்சுல வாசிக்கிறவன், கிறிஸ்துமஸுக்கு சொந்தமா ஒரு பாட்டு பண்ணியிருந்தான், அழகா வாசிப்பான். நல்லா வரணுங்கற ஆசைல நான் ரெண்டு மைக் வச்சேன், துணிகிட்ட ஒரு டைனமிக், அதுக்கு ஒரு சாண் பின்னால ஒரு கண்டென்சர், அது இன்னும் நுணுக்கமா கேக்கற மைக். தனித்தனியா கேட்டா ரெண்டுமே அருமை. ரெண்டையும் ஒரே அளவுல சேத்ததும் தகர டப்பாவுக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆயிடுச்சு. மூணு ராத்திரி ஈக்யூவை, அதாவது பேஸ், ட்ரெபிளை தனித்தனியா கூட்டிக் குறைக்கிற நாபுங்களை, திருகித் திருகி பாத்தேன், தம்பிகிட்ட ஆம்ப் சரியில்லைன்னு வேற சொல்லிட்டேன், பாவம் அவன் முகம் வாடிப்போச்சு. அப்புறம் ஸ்கேல் வச்சு அளந்தப்பதான் உறைச்சுது. ஒரு சாண்னா 23 சென்டிமீட்டர். சத்தம் காத்துல செகண்டுக்கு கிட்டத்தட்ட 345 மீட்டர் போகுது, அந்த ஒரு சாணைக் கடக்க ஒரு மில்லிசெகண்டுல மூணுல ரெண்டு பங்கு நேரம். அந்தத் தாமதத்துக்கு 750 ஹெர்ட்ஸ் ஒலி சரியா பாதி சுத்து பின்தங்கிடும், ஒரு மைக்ல அலை மேல போறப்ப இன்னொண்ணுல கீழ போகும், சேத்தா ஒண்ணையொண்ணு தின்னுடும். அதோட விடாது, 2250, 3750ன்னு மேல மேல பள்ளம் விழுந்துக்கிட்டே போகும். கிட்டாரோட உயிரே அந்த ஏரியாதாங்க. இல்லாத சத்தத்தை ஈக்யூ எங்கேர்ந்து கொண்டு வரும்?

மறுநாள் அவனை திரும்ப கூப்பிட்டேன், ஆம்ப் மேல குத்தம் சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டுட்டு, ரெண்டு மைக்கோட மூக்கும் துணிலேர்ந்து ஒரே தூரத்துல வர்ற மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சேன். வச்சதோட விடாம ஒரு மைக்கோட ஃபேஸ் பட்டனை, அதாவது அலையை மேல கீழா புரட்டிப் போடற பட்டனை, தலைகீழா மாத்திட்டு, சத்தம் எந்த இடத்துல ரொம்ப சோகையா ஆகுதுன்னு தேடி, அங்க ஸ்டாண்டை இறுக்கிட்டு பட்டனை பழையபடி போட்டேன். நல்லா இருக்கற இடத்தை தேடறதைவிட மோசமான இடத்தை தேடறது சுலபம், தலைகீழா இருக்கறப்ப எங்க ரொம்ப மோசமோ, நேரா போட்டா அங்கதான் ரொம்ப நல்லா இருக்கும். முதல் டேக்லயே பாட்டு முடிஞ்சுது, தம்பி ஹெட்போனை கழட்ட மாட்டேன்னு உக்காந்துட்டான். இப்பல்லாம் நான் முக்கால்வாசி ஒரே மைக்தான் வைக்கிறேன், ரெண்டாவது மைக் வைக்கணும்னா அதுக்கு காரணம் இருக்கணும்.

காரணம் இருந்தது ஒரு தடவை. இங்க புதுச்சேரில, நடுவுல முற்றம் வச்ச ஒரு பழைய வீடு, உசரமான கூரை, மர உத்தரம், அந்த தாழ்வாரத்துல ஆம்பை வச்சுட்டு ரெண்டாவது மைக்கை மூணு மீட்டர் தள்ளி தூணோரமா வச்சோம். அந்த வீடே சேந்து பாடற மாதிரி இருந்துச்சு. அவ்வளவு தூரம்னா அந்த மைக்குக்கு வர்றது பெரும்பாலும் சுவத்துலயும் கூரைலயும் பட்டுத் திரும்பின சத்தம்தான், அதோட சத்தத்தை கிட்ட இருக்கற மைக்கைவிட குறைவா வச்சு சேத்தா அந்த தின்னுற பிரச்சனை அவ்வளவா வராது. ஆனா நம்ம வீட்டு 10க்கு 10 கான்கிரீட் ரூம், டைல்ஸ் தரை, அங்க தூர மைக் வச்சா பாத்ரூம்ல பாடற மாதிரிதான் வரும். அங்க கிட்ட வைங்க, ஆம்புக்கு பின்னாலயும் எதிர் சுவத்துலயும் பஞ்சு மெத்தையை நிமித்தி சாத்துங்க, போர்வை, பாய் எதுவும் உதவும்.

ரெக்கார்டிங் லெவல் பத்தி சுருக்கமா, ரெக்கார்டிங் தரத்தை 24 பிட்ல வச்சு, மீட்டர் அதிகபட்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் தொட்டா போதும், சிவப்பு லைட்டை எட்ட வேண்டாம். ஆம்பும் காது கிழிய கத்த வேண்டியதில்ல, கிட்ட வச்ச மைக்குக்கு பக்கத்து வீட்டு பாட்டி தூங்கற அளவு வால்யூமே தாராளம். டிஸ்டார்ஷனை நினைச்சதுல பாதி வைங்க, ரெக்கார்டுல அது எப்பவும் கூடத்தான் தெரியும்.

கரண்டு விஷயத்தை மட்டும் நிறுத்தி சொல்றேன். பழைய வீடுகள்ல எர்த் சரியா இருக்காது, 50 ஹெர்ட்ஸ்ல ம்ம்ம்னு ஒரு ஹம் வரும், அதை நிறுத்த சிலர் பிளக்கோட எர்த் பின்னை உடைச்சுடறாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. கம்பியில விரலு, உதடு மைக்ல, நடுவுல மனுஷன், உயிர் போயிடும். எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு எர்த் போடுங்க. மிச்சம் இருக்கற ஹம்முக்கு கிட்டாரை பிடிச்சுக்கிட்டு உக்காந்த இடத்துலயே மெதுவா திரும்பிப் பாருங்க, ஏதோ ஒரு திசைல குறைஞ்சுடும், அந்தப் பக்கம் பாத்தே வாசிங்க. கடல் காத்து அடிக்கிற ஊருங்க நம்மளது, ஜாக் முனையெல்லாம் சீக்கிரம் பச்சை பிடிக்கும், மாசத்துக்கு ஒரு தடவை துடைச்சு வைங்க.

சவுண்டு கிடைச்சதும் ஸ்டாண்டை இறுக்கிட்டு முன்னாலேர்ந்து ஒண்ணு, பக்கத்துலேர்ந்து ஒண்ணு ஃபோட்டோ எடுத்துக்குங்க, ஸ்கேலை பக்கத்துல வச்சு எடுங்க, ஆம்போட நாப் எல்லாம் தெரியிற மாதிரி இன்னொண்ணு. காலைல வீடு பெருக்கறப்ப ஸ்டாண்டு கட்டாயம் நகரும், பாட்டுல பாதி நேத்து வாசிச்சது, பாதி இன்னைக்கு வாசிச்சதுன்னா அந்த ஒட்டு காதுக்கு தெரிஞ்சுடும். அந்த ஓ.டி. தம்பியோட ஃபோட்டோ இன்னும் என் போன்ல இருக்கு, துணில ஒட்டின டேப்பும் ஆம்ப்லயே இருக்கு, அடுத்த பாட்டுக்கு வர்ற மாசம் வர்றேன்னிருக்கான். நேரம் கொடுத்த வானொலி நிலையத்துக்கும் கேட்டுக்கிட்டிருந்த உங்களுக்கும் நன்றிங்க, வணக்கம்.