துபாய்க்கு எத்தன மணிக்கூர்?

வணக்கம் மக்களே. இப்ப நான் நிக்கிறது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல, சாக்கை பக்கம் இருக்குற இன்டர்நேஷனல் டெர்மினலுக்கு வெளிய. மணி ராத்திரி 2:20. துபாய்ல இருந்து எனக்க அண்ணன் வாறான், 3:20-க்கு எறங்கணும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லிருதேன்.

நம்ம களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் கல்ஃப்ல ஆள் இல்லாத குடும்பம் கொறவு. ஆனா துபாய்க்கு எத்தன மணிக்கூர்னு கேட்டா, ஒருத்தர் ரெண்டரைம்பாரு, இன்னொருத்தர் அஞ்சரைம்பாரு. ரெண்டு பேரும் டிக்கெட்டப் பாத்துதான் சொல்லுதாங்க.

அண்ணன் மொத மொத போனப்ப, 4:00-க்கு எடுக்கும், 6:30-க்கு எறங்கும்னு டிக்கெட்ல இருந்துச்சு. அம்மா காலைல சரியா ஆறரைக்கு போன் விளிச்சாங்க. சுவிட்ச் ஆஃப். ஏழு மணிக்கும் சுவிட்ச் ஆஃப். ஏழரைக்கு மாதா படத்துக்கு முன்னால இருந்து அழத் தொடங்கியாச்சு. அண்ணன் அப்ப வானத்துலதான் இருந்தான்! எட்டரைக்கு அவன் குரலக் கேட்ட பெறகுதான் அம்மா தண்ணி குடிச்சாங்க.

எறங்குற நேரத்த டிக்கெட்ல அந்த ஊரு மணிக்குத்தான் போடுவாங்க, கேட்டியளா. துபாய் நமக்கு ஒன்றரை மணிக்கூர் பின்னால. அங்க 6:30-ன்னா நமக்கு 8:00. அப்ப மொத்தம் நாலு மணிக்கூர். திரும்பி வரும்போது இதே கணக்கு மறிஞ்சு விழும். இன்னைக்கு அண்ணன் ஏறினது அங்கத்த மணி ராத்திரி 10:00, நமக்கு 11:30. டிக்கெட்டப் பாத்தா அஞ்சு மணிக்கூருக்கு மேல பறக்கதுபோல தோணும், தேதியும் மாறிரும். கூட்டிட்டுப் போக வாறவங்க ஏறுற தேதிய விட்டுட்டு எறங்குற தேதியப் பாத்து வாங்க.

தூரம்னு பாத்தா, நேர்கோட்டுல 2,950 கிலோமீட்டர் பக்கம் வரும். அரபிக்கடலத் தாண்டி, ஓமன் மேல போற வழி. மேல போய் நிலையாப் பறக்கும்போது மணிக்கு 830 கிலோமீட்டர்னு வச்சா மூணரை மணிக்கூர்ல முடியணும். ஆனா ரன்வேக்கு உருண்டு போகணும், மேல ஏறணும், அங்க எறங்க வரிசைல நிக்கணும். நாலு ஆயிருது. குளிர்காலத்துல மேக்க இருந்து அடிக்கிற காத்து போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். அதனால வரவு கொஞ்சம் சீக்கிரம்.

வீட்டுல இருந்து கணக்கு போட்டா வேற. களியக்காவிளைல இருந்து இங்க 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான், ஆனா பகல்ல பாலராமபுரம் ஜங்ஷன்ல மாட்டினா சொல்ல முடியாது. மூணு மணிக்கூர் முன்னாலயே உள்ள போகணும். நாலு மணி பிளைட்டுக்கு ராத்திரி பன்னெண்டுக்கே வீட்டுல இருந்து எறங்கிருங்க.

இன்னொண்ணு, இந்த ஏர்போர்ட்டுக்கு மட்டும் உள்ளது. பங்குனிலயும் ஐப்பசிலயும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம், அதாவது சாமிய கடல்ல குளிப்பாட்டக் கொண்டுபோற ஊர்வலம், இந்த ரன்வே வழியாத்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்னைக்கு சாயங்காலம் தொடங்கி அஞ்சு மணிக்கூர் நேரத்துக்கு பிளைட்டே கெடையாது, நேரத்த மாத்திருவாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த நாள்ல டிக்கெட் எடுத்தா நேரத்த ரெண்டாவது ஒருக்கா பாத்துக்கிடுங்க.

போர்டுல அண்ணனுக்க பிளைட்டு 3:12-ன்னு மாறிருக்கு. வண்டில தூங்குற அம்மாவ எழுப்பணும். போறேன்.