முதலில் பாராசூட், அப்புறம் விமானம்

வணக்கம் நேயர்களே. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

ரிமோட் விமானம் என்றால் இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரோன் பறக்கிற காலம் இது. ஆனால் அந்த விமானத்திலிருந்து ஒரு பொம்மை மனிதன் குதித்து, அவன் முதுகில் மடித்து வைத்த பாராசூட் விரிந்து, கீழே நிற்கிறவர் ரிமோட் குச்சியைத் தள்ளத் தள்ள அவன் கையை இழுத்து இடமும் வலமும் திரும்பி, நாம் விரித்து வைத்த பாயின் மேலேயே காலை ஊன்றுவதை இங்கே பார்த்தவர்கள் குறைவு. அதை எப்படித் தொடங்குவது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆசை வந்தவுடன் எல்லாரும் முதலில் விமானத்தைத்தான் விலை கேட்கிறார்கள். வேண்டாம். விமானத்துக்கு இதில் ஆளை மேலே கொண்டுபோய் விடுகிற வேலை மட்டும்தான். வித்தையெல்லாம் பாராசூட்டில் இருக்கிறது. கையில் இருக்கிற பணமும் முதல் இரண்டு மாத நேரமும் அதற்கே போகட்டும்.

பாராசூட் என்றவுடன் குடை மாதிரி உருண்டையாக ஒன்று மனதில் வரும். 1797 இல் பாரிசில் கார்னரின் என்பவர் பலூனிலிருந்து குதித்தது அந்த மாதிரி ஒன்றில்தான். பயங்கரமாக ஊசலாடிக்கொண்டே இறங்கினார். உருண்டைப் பாராசூட் காற்று போகிற பக்கம் போகும், நம் பேச்சைக் கேட்காது. நமக்கு வேண்டியது சதுரப் பாராசூட். டொமினா ஜால்பர்ட் என்று அமெரிக்காவில் ஒருவர், பட்டம் கட்டுவதில் பெரிய ஆள். 1966 இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் வரிசையாகத் தடுப்புத் துணி வைத்துத் தைத்து, முன்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுவது. காற்று முன்னால் புகுந்து அறைகளை நிரப்பியதும் துணியே விமான இறக்கையாகி விடுகிறது. இறக்கை என்பதால் முன்னால் போகும். முன்னால் போவதால் திருப்ப முடியும். பின் விளிம்பின் இரண்டு ஓரத்திலும் பிரேக் கயிறு இருக்கும். வலது கயிற்றை இழுத்தால் வலப்பக்கம் வேகம் குறைந்து வலதுபுறம் திரும்பும், இரண்டையும் சேர்த்து இழுத்தால் மொத்த வேகமும் குறையும். நிஜ ஸ்கைடைவர் செய்வதும் இதேதான்.

பொம்மைக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. தோளுக்கு ஒன்றாக இரண்டு சர்வோ, அதாவது ரிமோட் சொல்கிற அளவுக்குத் திரும்புகிற குட்டி மோட்டார், ரிமோட் சிக்னலை வாங்குகிற ஒரு ரிசீவர், ஒரு சின்ன பேட்டரி. சர்வோவின் அச்சில் கை நேராகப் பூட்டியிருக்கும், கை நுனியில் பிரேக் கயிறு. கையின் நீளம் முக்கியம், ஏனென்றால் கயிறு எவ்வளவு தூரம் இழுபடும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சர்வோவில் மட்டும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வேண்டாம், பாராசூட் விரிகிற வெட்டில் போய்விடும், மெட்டல் கியர் வாங்குங்கள். பொம்மைகள் அரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை பல அளவில் உண்டு. முதல் பாராசூட்டைக் கடையிலேயே வாங்கிவிடுங்கள். நம் ஊர் டெய்லர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் வழுக்குகிற ரிப்ஸ்டாப் நைலானில் இடப்பக்கமும் வலப்பக்கமும் துளி மாறினாலும் அது காலத்துக்கும் ஒரு பக்கமாகவே சுற்றும். நல்ல பாராசூட் எப்படிப் பறக்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகு இரண்டாவதைத் தைத்துக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லேசாக இருந்தால் மெதுவாக இறங்கும், நல்லதுதானே என்று தோன்றும். மெதுவாக இறங்குகிற பாராசூட் மெதுவாகத்தான் முன்னாலும் போகும், எதிர்காற்று அதைவிட வேகமாக அடித்தால் ஆள் பின்னாலேயே போய் அடுத்த ஊரில் இறங்குவான். அதே பாராசூட்டில் எடையை இரண்டு மடங்காக்கினால் வேகம் கிட்டத்தட்ட 1.4 மடங்காகும், சறுக்குகிற கோணம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் காற்று கூடுதலான நாளில் பொம்மையின் வயிற்றில் ஈயக் குண்டு சேர்ப்பார்கள். எவ்வளவு தாங்கும் என்று பாராசூட் செய்தவர் குறித்திருப்பார், அதைத் தாண்டக் கூடாது.

சரி, பாராசூட் வந்துவிட்டது. மாடியிலிருந்து போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். மாடி உயரத்தில் அது விரிவதற்குள் தரை வந்துவிடும், போடாதீர்கள். காலை ஆறரை மணிக்கு வற்றிய கண்மாய்க்குப் போங்கள். காற்றைப் பார்த்து நின்று, பொம்மையை நெஞ்சுயரத்தில் பிடித்து, பாராசூட்டை உங்களுக்குப் பின்னால் விரித்துப் போட்டு, இரண்டு எட்டு முன்னால் நடந்தால் அது எழுந்து தலைக்கு மேல் நிற்கும். அப்படியே நிற்க வைத்துக்கொண்டு ரிமோட்டை இன்னொருவரிடம் கொடுத்து இடது, வலது என்று இழுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இழுத்தால் திரும்புகிறது, எவ்வளவு இழுத்தால் காற்று போய்த் தொய்கிறது என்று கைக்குப் பழகுகிற இடம் இதுதான், இதில் எத்தனை காலைகள் செலவழித்தாலும் தகும்.

அடுத்தது மடிப்பு. எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலையே இதுதான். கோரைப் பாய் ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள். நம் கண்மாய்த் தரையில் நெருஞ்சி முள் இல்லாத சாண் இடம் கிடையாது, ஒரு முள் கயிற்றில் மாட்டியிருந்தால் போதும், நான்கு கயிறு அதில் சிக்கி பாராசூட் பாதிதான் விரியும். பொம்மையை ஒரு தலைமாட்டில் வைத்து, கயிறுகளை விரைப்பாக நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு கொத்தாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முறுக்கு இருந்தால் விரலிலேயே தெரிந்துவிடும். பிறகு அறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்வாய் எல்லாம் ஒரே பக்கம் தெரிகிறதா என்று பார்த்து, துணியை முன்னும் பின்னுமாக மடித்துப் பைக்குள் வைப்பது. பெரிய பாராசூட் என்றால் கயிறுகளுக்கு நடுவே ஸ்லைடர் என்று ஒரு சின்னச் சதுரத் துணி இருக்கும், விரிகிற அதிர்ச்சியை அது குறைக்கும், மடிக்கும்போது அது மேலே துணியோடு ஒட்டி இருக்க வேண்டும். பனி ஈரம் பட்ட துணியை மடிக்காதீர்கள், அறைகள் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது விமானம். இறக்கை மேலே இருக்கிற, மெதுவாகப் பறக்கிற, பழகுகிறவர்களுக்கான விமானம் போதும். எடை தூக்க இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை இருந்தால் நல்லது, சீனியர் டெலிமாஸ்டர் மாதிரி பழைய வடிவங்களைப் பலர் இன்றும் இதற்காகவே கட்டுகிறார்கள். பொம்மையைத் தொங்கவிடுகிற இடம் விமானத்தின் எடை மையத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் விழுந்ததும் விமானம் லேசாக மேலே எழும்புவதோடு நிற்கும், மூக்கு தூக்காது. விடுகிற பொறி எளிது. ஒரு சர்வோ, அது இழுக்கிற சைக்கிள் ஸ்போக் துண்டு, ஸ்போக் உருவியதும் வளையம் கழன்று ஆள் விழுவான். பாராசூட் பையிலிருந்து ஒரு நூல் விமானத்தில் கட்டியிருக்கும், அது பையைத் திறந்துவிட்டுக் கழன்றுகொள்ளும்.

இரண்டு ரிமோட், இரண்டு ஆள். ஒருவரே இரண்டையும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் விமானம் என் அண்ணன் மகனிடம், குதிக்கிற ஆள் என்னிடம். அவன் எதிர்காற்றில் மோட்டாரைக் குறைத்து விமானத்தை மிதக்கவிட்டு, "விடட்டுமா சித்தப்பா?" என்பான். நான் ரிமோட்டில் பொம்மையின் கையை அசைத்து, சர்வோ வேலை செய்கிறதை அவன் பக்கத்தில் நிற்கிற பையன் பைனாகுலரில் பார்த்துச் சொன்ன பிறகுதான் "விடு" என்பேன். பொம்மை விழும், நூல் இழுக்கும், துணி ஒரு நொடி கந்தலாக ஆடும், அப்புறம் நடு அறைகள் முதலில் உப்பி, ஓரம் வரை நிரம்பி, "டப்" என்ற சத்தம் கொஞ்சம் தாமதமாகக் கீழே வந்து சேரும். அந்தச் சத்தத்துக்காகவே விடியலில் எழுந்து போகலாம்.

எங்கே விடுவது என்பது கணக்கு. 120 மீட்டர் உயரத்தில் விரிந்து நொடிக்கு 3 மீட்டர் இறங்கினால் கையில் 40 நொடி. காற்று நொடிக்கு 4 மீட்டர் அடித்தால், பாராசூட் சும்மா தொங்கினாலே 160 மீட்டர் நகர்ந்திருக்கும். அதனால் இறங்க வேண்டிய இடத்துக்கு மேலே விடக் கூடாது, காற்று வருகிற பக்கம் தள்ளி விட வேண்டும். கடைசி இறக்கம் எதிர்காற்றைப் பார்த்து, தரைக்கு ஆள் உயரம் இருக்கும்போது இரண்டு கையும் கீழே. கொஞ்சம் முன்னதாக இழுத்தால் காற்று போய்த் தொப்பென்று விழுவான். வெயில் ஏறிய பிறகு வற்றிய கண்மாய் மேல் அனல் எழும்பும், இறங்க வேண்டியவன் மேலே போய்க்கொண்டே இருப்பான். ஒன்பது மணிக்கு மூட்டையைக் கட்டிவிடுங்கள்.

சிக்னல் போனால் என்ன ஆக வேண்டும் என்று முன்பே ரிசீவரில் பதிந்து வையுங்கள். விமானத்துக்கு மோட்டார் நிற்க வேண்டும், பொம்மைக்கு ஒரு கை லேசாக இழுத்த நிலை. அப்போது அது சுற்றிச் சுற்றி இறங்கும், நேராக ஓடிப் போகாது. இதில் போடுகிற லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி பற்றி, சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவது. நம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருக்கிறது, ஊருணி இருக்கிறது, வேலிக்கருவை இருக்கிறது. பிள்ளைகள் வந்தால் முதலில் ஓரமாக உட்கார வையுங்கள். பாராசூட் கரண்டுக் கம்பியில் மாட்டினால் அலக்குக் குச்சியை எடுக்காதீர்கள், மின்வாரியத்துக்குப் போன் செய்யுங்கள், போனால் பொம்மை போகட்டும்.

சட்டமும் உண்டு. 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. முன் அனுமதி கேட்க வேண்டியிராத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது ஏறக்குறைய அந்த 120 மீட்டர். உங்கள் ஊர் எந்த மண்டலம், உங்கள் விமானத்தின் எடைக்குப் பதிவு என்ன என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) இணையதளத்தில் பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள். செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, அதைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் வாய் ஊறும், ஆனால் அது அரசு இடம், அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கண்மாய் போதும், அங்கேயும் ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இது மாசி. பங்குனியில் கண்மாய் நன்றாகக் காய்ந்துவிடும், காலைக் காற்றும் அடக்கமாக இருக்கும். இந்த மாதம் பாராசூட்டும் பொம்மையும் வாங்குங்கள், பங்குனி முழுக்கத் தரையில் நிற்க வைத்துப் பழகுங்கள், மடியுங்கள், பிரித்து மறுபடி மடியுங்கள். சித்திரையில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு முதல் ஆளைக் குதிக்க விடலாம். ஆடி பிறந்தால் மேற்குக் காற்று சுழற்றி அடிக்கும், அப்போது பெட்டியை மூடிவிட்டுக் கிழிசல் தைக்கிற வேலையைப் பாருங்கள்.