ஜூலியானி தொடுத்த வழக்கு

வணக்கம். அமெரிக்க வேட்பாளர்களும் சட்டவிரோதக் குடியேற்றமும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. யார் என்ன பேசினார்கள் என்று அடுக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதனால் பேச்சை ஒதுக்கிவிட்டு, பதவியில் இருந்தபோது எதில் கையெழுத்துப் போட்டார்கள், எதைத் தடுத்தார்கள், எதற்காகக் கோர்ட் படியேறினார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறேன். இதற்கு 2008 அதிபர் தேர்தலுக்காகக் குடியரசுக் கட்சிக்குள் நடந்த போட்டி நல்ல பாடம்.

2007 நவம்பர் 28, ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பொதுமக்கள் யூடியூபில் அனுப்பிய கேள்விகளை சிஎன்என் திரையில் காட்ட, வேட்பாளர்கள் பதில் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானியிடம், உங்கள் நகரம் அடைக்கல நகரமாக இருந்ததே என்று கேள்வி வந்தது. இல்லவே இல்லை என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு வேட்பாளர் மிட் ரோம்னி, இருந்தது என்று மல்லுக்கு நின்றார். ஜூலியானி சும்மா இருப்பாரா? உங்கள் வீடே அடைக்கல மாளிகைதானே என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்தச் சண்டை புரிய வேண்டுமானால் அடைக்கல நகரம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே நுழைந்தவரை யாரும் தொட முடியாது என்று நினைக்க வேண்டாம். குடியேற்றம் மத்திய அரசின் அதிகாரம். அதன் அதிகாரிகள் எந்த ஊரிலும் போய்க் கைது செய்யலாம். ஆனால் ஆள்பலம் போதாது, உள்ளூர் போலீஸும் சிறைகளும் கைகொடுத்தால்தான் வேலை நடக்கும். வேறு வழக்கில் பிடிபட்ட ஒருவரை, விடுதலை நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வைத்திருங்கள் என்று உள்ளூர்ச் சிறைக்குக் கடிதம் வரும். அதில் கையெழுத்துப் போடுபவர் குடியேற்றத் துறை அதிகாரி, நீதிபதி அல்ல. அதற்கு மாட்டேன் என்பது, யாரிடம் விசா இருக்கிறது என்று விசாரிக்காமல் இருப்பது, இவைதான் பெரும்பாலும் அந்தக் கொள்கை.

ஏன் மறுக்கிறார்கள்? 1979-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவராக இருந்த டேரில் கேட்ஸ், இரக்கத்துக்குப் பேர்போனவர் இல்லை. அவர் காலத்தில்தான், குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே யாரையும் விசாரிக்கக் கூடாது என்ற 40-ஆம் எண் சிறப்பாணை வந்தது. காரணம் கணக்குதான். எதிர்வீட்டில் கொலை நடக்கிறது, ஜன்னலில் நின்ற பெண் கொலைகாரனின் முகத்தைப் பார்த்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் பேப்பர், அதாவது நாட்டில் தங்குவதற்கான அனுமதி இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று தெரிந்தால் அவள் வருவாளா? கொலைகாரன் தப்பிப்பான். 1982-இல் டூசான் நகரத்துத் தேவாலயம் ஒன்று எல் சால்வடோர், குவாதமாலா அகதிகளுக்குக் கதவைத் திறந்தபோதுதான் இதில் அறமும் சமயமும் சேர்ந்துகொண்டன.

இனி ஜூலியானி. நியூயார்க்கின் ஆணை அவர் போட்டதல்ல. 1989-இல் மேயர் எட் காச் போட்டது. குற்ற வழக்கு போன்ற சில நிலைமைகள் தவிர, மாநகர ஊழியர்கள் யாருடைய குடியேற்ற விவரத்தையும் மத்திய அரசுக்குத் தரக் கூடாது என்றது அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறவரும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவரும் பயப்படக் கூடாது என்பது நோக்கம். 1994-இல் மேயரான ஜூலியானி அதை ரத்து செய்யவில்லை. 1996-இல் நாடாளுமன்றம், இப்படித் தகவலைத் தடுக்கும் உள்ளூர் ஆணைகள் செல்லாது என்று சட்டம் போட்டது. கிளின்டன் கையெழுத்திட்டார். ஜூலியானி என்ன செய்தார் தெரியுமா? மத்திய அரசின் மேலேயே வழக்குப் போட்டார்! 1997-இல் தோற்றார். மேல்முறையீடு செய்து 1999-இல் மறுபடியும் தோற்றார். 2000-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. ஒப்புக்காக ஓர் ஆணையை வைத்திருக்கிறவர் இப்படி நான்கு வருஷம் கோர்ட்டுக்கு அலைய மாட்டார். ஆகவே 2007 மேடையில் ரோம்னி சொன்னது சரிதான். என் வருத்தமெல்லாம், ஆமாம், காரணத்தோடுதான் செய்தேன் என்று ஜூலியானி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவில்லையே என்பதுதான். விளக்கம் எல்லாம் கொடுத்தார், பெயரை மட்டும் ஏற்கவில்லை. அப்புறம் ஒரு கூத்து: அதே சட்டப்பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2018 ஜூனில் பிலடெல்பியாவின் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோற்றது டிரம்ப் அரசு. டிரம்பின் சொந்த வழக்கறிஞராக அப்போது இருந்தவர் ஜூலியானி.

சரி, கல்லெறிந்த ரோம்னி? அவர் 2003 முதல் மாசசூசெட்ஸ் ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, ஓட்டு வாங்கி வருகிறவர். அந்த மாநிலத்தின் கேம்பிரிட்ஜும் சோமர்வில்லும் 1980-களிலேயே அடைக்கலத் தீர்மானம் போட்ட ஊர்கள். அவருடைய நான்கு ஆண்டிலும் அவை அப்படியேதான் இருந்தன. பேப்பர் இல்லாத மாணவர்களிடமும் மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தையே வாங்கும் திட்டத்தை 2004-இல் நிராகரித்தார், அது அவர் கணக்கில் உள்ளதுதான். ஆனால் 2006 டிசம்பரைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் பாஸ்டன் குளோப் ஒரு செய்தி போடுகிறது: பெல்மான்டில் அவர் வீட்டுப் புல்வெளியைப் பராமரிக்கும் நிறுவனம் பேப்பர் இல்லாதவர்களை வைத்து வேலை வாங்குகிறது. அதே மாதம், மாநிலப் போலீஸார் குடியேற்றக் கைதுகள் செய்ய வழிவிடும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடுகிறார். பதவி முடிய மூன்றே வாரம். ஜனவரியில் அடுத்து வந்த டெவல் பேட்ரிக் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். அதன் கீழ் ஒரு போலீஸ்காரர்கூடப் பயிற்சி எடுக்கவில்லை. தேதியைப் பார்க்காமல் கையெழுத்தை மட்டும் பார்த்தால் ரோம்னி பெரிய கண்டிப்புக்காரர்.

மாளிகை என்று ஜூலியானி குத்தியபோது, வேலைக்கு வருகிறவர் பேச்சு வேறு மாதிரி இருந்தால் வீட்டுக்காரன் போய் பேப்பரைக் காட்டு என்று கேட்க வேண்டுமா என்று ரோம்னி கேட்டார். நியாயமான கேள்வி. அதைத்தான் நகரங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு வாரத்துக்குள் அதே நாளிதழ் அதே நிறுவனத்தைப் பற்றி மறுபடி எழுத, அவசர அவசரமாக அதை நீக்கினார்.

ஜனநாயகக் கட்சியும் தப்பவில்லை. பேப்பர் இல்லாதவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் என்ற நியூயார்க் ஆளுநர் ஸ்பிட்சரின் திட்டம் பற்றி 2007 அக்டோபர் 30 விவாதத்தில் ஹிலரி கிளின்டன் ஆதரிப்பது போலப் பேசி, அதே மூச்சில் பின்வாங்கினார். குடியரசுக் கட்சியில் ஆர்கன்சாவின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபீ மட்டும், பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்று தன் பழைய நிலையை மேடையிலேயே காத்துப் பேசினார். அவரைக் கொஞ்சம் மதிக்கிறேன்.

இத்தனை அடிதடிக்கும் பிறகு குடியரசுக் கட்சியில் யார் வேட்பாளரானார்? செனட்டர் ஜான் மெக்கெய்ன். ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியோடு சேர்ந்து, பேப்பர் இல்லாதவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறக்கும் மசோதாவை 2005-இல் கொண்டுவந்தவர். எல்லாரிலும் மென்மையான பதிவு அவருடையதுதான். 2008 ஜனவரி 30 அன்று, ரீகன் நூலகத்தில் நடந்த விவாதத்தில், உங்கள் மசோதா மறுபடி வந்தால் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டார்கள். போட மாட்டேன் என்றார், எல்லையை முதலில் பாதுகாக்க மக்கள் கேட்கிறார்களாம். ஜூலியானி அன்றைக்குத்தான் போட்டியிலிருந்து விலகி மெக்கெய்னை ஆதரித்தார்.